பதினெட்டு டிகிரி

சரக்குக் கப்பல் நெய்தல்-4. பணிக் குறிப்பு, முறை 4.
எழுதுபவர்: ஷீபா ஜெபசிங், பொறியாளர்.

நாள் 381. 09:40

பாதை சரி. எரிபொருள் சரி. சரக்கு அறையில் ஈரப்பதம் இரண்டு சதவீதம் அதிகம், விசிறியைக் கூட்டி வைத்தேன். உறக்கப் பெட்டி: உடல் வெப்பம் 18.0 டிகிரி, இதயத் துடிப்பு நிமிடத்துக்கு 5. பெட்டியில் இருப்பவர் ஜெபசிங். கப்பலின் விமானி, என் கணவர்.

இதை என்றைக்காவது கண்டெடுத்துப் படிப்பவருக்காக ஒரு விளக்கம். இந்தக் கப்பலில் ஆட்கள் இரண்டு, உறக்கப் பெட்டி ஒன்றே ஒன்று. நூறு நாள் அவர் தூங்குவார், நான் கப்பலைப் பார்ப்பேன். மூன்று நாள் இருவரும் விழித்திருப்போம். பிறகு நான் பெட்டிக்குள் போவேன். புறப்பட்டு ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது, இதுவரை சேர்ந்து சாப்பிட்டது ஒன்பது நாள். விழித்திருப்பவர் எழப்போகிறவருக்கு ஏதாவது செய்து வைக்க வேண்டும் என்று எங்களுக்குள் ஒரு வழக்கம். போன முறை அவர் எனக்கு ரவா லட்டு பிடித்து வைத்திருந்தார். அதை உடைக்க ஸ்பேனர் தேவைப்பட்டது.

கடைசியாகச் சேர்ந்திருந்த மூன்று நாளில் இரண்டு நாள் நான் அவரோடு பேசவில்லை. நான் தூங்கிக்கொண்டிருந்தபோது அடுத்த பயணத்துக்கும் சேர்த்து இருவர் பெயரையும் எழுதிக் கொடுத்துவிட்டார். என்னை எழுப்பிக் கேட்க முடியாதாம். மூன்றாம் நாள் பேசினேன், பேசாமலே இருந்திருக்கலாம். எழுந்த பிறகு ஆற அமரப் பேசுவோம் என்று சொல்லிவிட்டுப் பெட்டிக்குள் படுத்தார்.

409ஆம் நாள் எழுவார். அதற்குள் பீர் தயாராக இருக்க வேண்டும். அவர் கையில் ஒரு டம்ளர், என் கையில் ஒரு டம்ளர். எனக்கு மன்னிப்பு கேட்க வாய் வராது. பீர் உள்ளே போனால் வரலாம்.

நாள் 382. 16:10

போன வாரம் முதல் தடவை காய்ச்சியது பாழ். ஈஸ்ட் பொங்கும்போது தானாகவே சூடாகும் என்பதை மறந்துவிட்டேன். 31 டிகிரி வரை போய், நகப் பாலிஷ் அழிக்கும் திரவம் மாதிரி நாறியது. இருபது லிட்டர் நல்ல தண்ணீர், மறுசுத்திகரிப்புக்குப் போயிற்று.

இந்த முறை சூட்டை 18 டிகிரியில் பிடித்து நிறுத்த ஒரு கன்ட்ரோலர் செய்கிறேன். உதிரிப் பெட்டியிலிருந்து ஒரு மைக்ரோகன்ட்ரோலர் போர்டு, இரண்டு ரிலே, பழைய மருந்துக் குளிர்பெட்டியின் குளிர்த் தகடு, குழாய்களுக்குச் சுற்றும் ஹீட்டர் பட்டை ஒன்று, பென்சில் முனையளவு வெப்ப சென்சார் ஒன்று. சூடு கூடினால் தகடு ஓடும், குறைந்தால் பட்டை ஓடும். பள்ளிக்கூடப் பிள்ளைகள் செய்கிற வேலை.

பார்லி, முளைக்காது என்று ஒதுக்கிய விதை மூட்டையிலிருந்து எடுத்தது. அதில் பாதி முளைத்தது. கசப்புக்கு ஹாப்ஸ் இல்லை, மருந்துப் பெட்டியின் நிலவேம்புப் பொடியைப் போட்டேன். குடிப்பவர் காய்ச்சல் வராமல் நன்றாக இருப்பார்.

நாள் 383. 11:25

பீப்பாயை உறக்க அறையில் வைத்தேன். கப்பலிலேயே குளிர்ந்த இடம் அதுதான், 12 டிகிரி. அவர் பக்கத்திலேயே இருக்கட்டும் என்பதும் ஒரு காரணம்.

சென்சாரை மேசையில் தனியாகச் சோதித்தேன். கையில் பொத்தினால் 33 காட்டியது. அருமை. பிறகு வயருக்கு அலைந்தேன். புது வயர் இழுக்க வேண்டுமென்றால் சுவர்ப் பலகை பதினொன்றைக் கழற்ற வேண்டும். உறக்கப் பெட்டியின் வெப்ப லைன் பீப்பாய்க்கு இரண்டடி தள்ளிப் போகிறது. ஒரே லைனில் எத்தனை சென்சாரும் தொங்கலாம் என்று கையேட்டிலேயே இருக்கிறது. அதிலேயே செருகிவிட்டேன்.

புரோகிராம் எழுதவும் சிரமப்படவில்லை. பெட்டியின் பழைய போர்டு எரிந்துபோனபோது ஜெபசிங் தானே ஒன்று எழுதிப் போட்டிருந்தார். லைனில் முதல் சென்சாரைப் படி, சூட்டைச் சரி செய். அவ்வளவுதான். அதை அப்படியே நகல் எடுத்து, முதல் என்பதை இரண்டாவது என்று மாற்றினேன். அவருடையது முதலில் இருந்தது, என்னுடையது பிறகு வந்தது.

இப்போது திரையில் பீர் 18.1. பெட்டியில் 18.3. ஈஸ்ட் போட்டாயிற்று.

நாள் 384. 08:00

பீர் பொங்குகிறது. மூடிக் குழாயில் குமிழி நிற்காமல் வருகிறது. பொங்கினால் சூடு ஏற வேண்டும். திரையில் 17.4. ஹீட்டர் விடியற்காலையிலிருந்து ஓடிக்கொண்டே இருக்கிறது.

பெட்டி 19.6 காட்டுகிறது. கொஞ்சம் அதிகம், அதன் குளிர்விப்பான் ஓடுகிறது. துடிப்பு 5. கட்டுப்பாட்டு மையத்துக்குத் தெரிவித்தேன்.

நாள் 384. 19:30

16.7. ஹீட்டர் ஓட ஓடச் சூடு இறங்குகிறது.

ரிலேயில் வயரை மாற்றிக் கொடுத்துவிட்டேனோ என்று பிரித்துப் பார்த்தேன். இல்லை. மீட்டர் வைத்துப் பார்த்தேன், ஹீட்டருக்குக் கரண்ட் போகிறது. ரிலேயை மாற்றினேன். போர்டை மாற்றினேன். சாலிடர் செய்யும்போது கட்டைவிரலைச் சுட்டுக்கொண்டேன். இந்தக் கப்பலில் அணு உலையை ஓட்டுகிறவள் நான். ஒரு பானை பீரைச் சூடாக்க முடியவில்லை.

நாள் 385. 07:15

15.3. நேற்று கேட்டதற்கு மையத்திலிருந்து பதில் வந்திருக்கிறது. பணியில் காஜா. மேலப்பாளையத்துப் பையன், எங்கள் இருவருக்கும் தம்பி மாதிரி. செய்தி வந்து சேர இருபத்து நான்கு நிமிடம் ஆகும். அதனால் எப்போதும் எல்லாவற்றையும் சேர்த்துச் சொல்வான்.

"ஷீபாக்கா, பட்டைய வெளிய சுத்திட்டு பன்னெண்டு டிகிரி ரூம்ல வச்சா, சூடெல்லாம் காத்துக்குத்தான போகும். கனமா ஒரு போர்வையப் போட்டு மூடுங்க. ஹீட்டரும் ஒண்ணு பத்தாது. அண்ணன் சூடு கொஞ்சம் கூடுறதப் பத்திக் கேட்டீங்கல்லா, டாக்டர் வசுமதிகிட்ட அனுப்பியிருக்கேன். இருபத்தாறு வரைக்கும் லிமிட்டுதான். தாண்டுனா அலாரம் அடிக்கும், அப்போ பாத்துக்கிடலாம். எனக்கும் ஒரு கிளாஸ் எடுத்து வைங்க."

சொல்வது சரிதான். ஜெபசிங்கின் கம்பளியை இரண்டாக மடித்துப் பீப்பாய்க்குப் போர்த்தினேன். இரண்டாவது ஹீட்டர் பட்டையும் சுற்றினேன்.

நாள் 385. 21:50

14.0. எரிச்சலில் அழுகையே வந்துவிட்டது. வெட்கமில்லாமல் எழுதுகிறேன்.

புரோகிராமை வரி வரியாகப் படித்தேன். பிழை இல்லை. சூட்டின் ஏற்ற இறக்கக் கணக்கை மூன்று தடவை மாற்றினேன். ஒவ்வொரு தடவையும் முன்பைவிட வேகமாக இறங்குகிறது. இதற்கு என்மேல் என்ன கோபமோ. இந்தக் குளிரில் ஈஸ்ட் எப்போதோ தூங்கியிருக்க வேண்டும். குமிழி மட்டும் கொதிக்கிற மாதிரி வருகிறது. அதுவும் என்னைக் கேலி செய்கிறது.

பெட்டி 23.8. துடிப்பு 3. உடம்பு சூடானால் துடிப்பு கூட வேண்டும், குறைகிறது. அதையும் டாக்டருக்கு எழுதினேன். பதில் இல்லை. அங்கே இன்று ஞாயிற்றுக்கிழமை.

நாள் 386. 10:40

12.6. இரண்டு ஹீட்டரையும் முழு வேகத்தில் விட்டேன். இனி இதைத் தொடப்போவதில்லை. சூடானால் ஆகட்டும். இல்லையென்றால் அவருக்கு நானும் லட்டு பிடித்து வைக்கிறேன்.

பெட்டி 25.5. துடிப்பு 2.

நாள் 386. 14:20

பெட்டியின் அலாரம். உடல் வெப்பம் 26.1. விதிப்படி அவசரக் குளிர்நீர்ப் பொத்தானை அழுத்தினேன். பெட்டியைச் சுற்றிக் குளிர்நீர் ஓடுகிறது. மையத்துக்கு அவசரச் செய்தி அனுப்பினேன். இதற்குத்தான் இந்தப் பொத்தான், உடனே இறங்கிவிடும்.

நாள் 386. 14:45

இறங்கவில்லை. 26.3. மறுபடி அழுத்தினேன்.

நாள் 386. 15:05

பெட்டி 26.4.

பீர்த் திரையைத் தற்செயலாகப் பார்த்தேன். 5.2. இரண்டு ஹீட்டர் ஓடுகிற பீப்பாய் நாற்பத்தைந்து நிமிடத்தில் ஏழு டிகிரி இறங்கியிருக்கிறது. நான் பொத்தானை அழுத்திய நேரத்திலிருந்து.

கம்பளியை விலக்கிப் பீப்பாயில் கை வைத்தேன். வெதுவெதுவென்று இருக்கிறது.

நாள் 386. 15:50

குளிர்நீரை நிறுத்திவிட்டு, நடந்ததை மையத்துக்கு அனுப்பிவிட்டேன். துடிப்பு 0. இதை எழுத வேண்டும், ஏனென்றால் வேறு யாராவது இதே வேலையைச் செய்வார்கள்.

லைனில் தொங்கும் சென்சார்கள் வந்த வரிசையில் நிற்பதில்லை. ஒவ்வொன்றுக்குள்ளும் தொழிற்சாலையில் பொறித்த பதினாறு எழுத்து எண் ஒன்று இருக்கிறது. சிறிய எண் முதலில் நிற்கும். நான் செருகியதன் எண் அவருடையதைவிடச் சிறியது. செருகிய நொடியிலேயே பீர் முதலாவது ஆயிற்று, அவர் இரண்டாவது ஆனார். அவருடைய போர்டு பீரின் சூட்டைப் பார்த்து அவரைக் குளிர்வித்தது. என் போர்டு அவருடைய குளிரைப் பார்த்து பீரைச் சூடாக்கியது. நான் சூடாக்கச் சூடாக்க அது அவரைக் குளிர்வித்தது. மூன்று நாள்.

பதினாறு எழுத்தைத் தட்டச் சோம்பல்பட்டு அவர் முதல் என்று எழுதினார். நான் இரண்டாவது என்று எழுதினேன். இருவரும் ஒரே நாளில் விழித்திருந்தால் ஒருவர் மற்றவரைக் கேட்டிருப்போம். மேசையில் சோதித்ததை லைனில் செருகிய பிறகு ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, கையில் பொத்திப் பார்த்திருக்கலாம்.

நாள் 386. 16:05

14:50க்கே வந்து கிடந்த செய்தியை இப்போதுதான் கேட்டேன். என் அலாரச் செய்தி சேர்வதற்கு முன்பே அனுப்பியது.

"அக்கா, காஜா பேசுதேன். டாக்டரம்மா இன்னைக்கி வந்துட்டாங்க, உங்க கடுதாசியத்தான் பாத்துக்கிட்டு இருக்காங்க. பீர் என்னாச்சு? சூடு பிடிச்சிச்சா?"

நாள் 386. 16:40

பெட்டியின் போர்டைக் கழற்றி எறிந்துவிட்டு என்னுடையதை மாட்டினேன். பதினாறு எழுத்தையும் முழுதாகத் தட்டினேன், நான்கு தடவை சரிபார்த்தேன். பீர் சென்சாரை வெட்டி எடுத்துவிட்டேன். ஹீட்டர் பட்டைகள் இரண்டும் இப்போது பெட்டியின் நீர்க் குழாயில். அவர் சென்சார்மேல் கை வைத்துப் பார்த்தேன். எண் ஏறியது. இது அவர்தான்.

நாள் 386. 17:30

டாக்டர் வசுமதியின் செய்தி.

"ஷீபா, அழாம கேளுங்க. பெட்டியோட ரத்த ஓட்டப் பம்ப் ஓடட்டும், நிறுத்தவே கூடாது. சூட்டை மெதுவா ஏத்துங்க, மணிக்கு ஒன்றரை டிகிரி, அதுக்கு மேல வேண்டாம். வேகமா ஏத்தினா மூளை தாங்காது. இப்போ துடிப்பு இல்லைங்கறதை வெச்சு எந்த முடிவுக்கும் வராதீங்க. குளிர்ல நின்ன இதயம் சூட்டுல திரும்பி ஓடினதை நான் பாத்திருக்கேன். முப்பத்தேழு வரட்டும். முப்பத்தேழுல ஒரு மணி நேரம் வெச்சுப் பாருங்க. அதுக்கப்புறமும் இல்லேன்னா எனக்குச் சொல்லுங்க."

மணிக்கு ஒன்றரை. கன்ட்ரோலரில் பதித்தேன்.

நாள் 387. 01:00

18.0. துடிப்பு 0.

கோட்டிலிருந்து ஒரு புள்ளி விலகாமல் ஏறுகிறது. நேற்று வரை ஒரு பானையைச் சூடாக்க மறுத்த அதே போர்டு, அதே ரிலே.

நாள் 387. 06:40

26.5. துடிப்பு 0. உதட்டின் நீலம் குறைகிறது. பம்ப்பினால் இருக்கலாம்.

அடுத்த பயணம் போகலாம் என்று அவரிடம் சொன்னேன். எங்கே வேண்டுமானாலும் எழுதிக் கொடு, என்னைக் கேட்க வேண்டாம் என்றேன். மன்னிப்பும் கேட்டேன். பீர் இல்லாமலே வாய் வந்தது.

நாள் 387. 13:40

37.0. துடிப்பு 0. டாக்டர் சொன்ன ஒரு மணி நேரம் இப்போது தொடங்குகிறது.

நாள் 387. 13:55

37.0. 0.

நாள் 387. 14:10

37.0. 0.

நாள் 387. 14:25

37.0. 0.

நாள் 387. 14:40

37.0. 0.

நாள் 387. 15:30

காஜா இரண்டு செய்தி அனுப்பினான், இரண்டையும் திறக்கவில்லை. பதில் சொன்னால் நிறுத்தச் சொல்வார்கள்.

நாள் 387. 20:10

ஏழாவது மணி நேரம். கன்ட்ரோலர் இதுவரை பத்தில் ஒரு டிகிரி பிசகவில்லை. கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். சூடாக இருக்கிறது. 37.0