பொலிஸ் இல்லாத இடத்தில் கத்தும் பெட்டி

2025 ஜூன் 11, புதன்

பெட்டி இன்றும் கத்தியது. கிருலப்பனைச் சந்தியில், வான் அசையாமல் நிற்கும்போது. முன்னால் பஸ், பின்னால் பஸ், நான் மணிக்குப் பூச்சியம் கிலோமீற்றர் வேகத்தில் போகிறேன் - பொலிஸ் வேகம் அளக்கிறான் என்று இது அலறுகிறது.

டெரிக்கிடம் இந்த வானை வாங்கியபோது முன்கண்ணாடியில் ஒட்டியபடியே வந்த ராடார் பெட்டி. அவர் யாழ்ப்பாணத்துக்கு வான் ஓடியவர். பொலிஸ் கருவியை நீட்டினால் முன்கூட்டியே சொல்லிவிடுமாம். சனி, ஞாயிறு வாடகைக்கு ஹயர் ஓடும்போது உதவும் என்று கழற்றாமல் விட்டது என் புத்தி.

இப்போது பிள்ளைகள் வீட்டுக்குப் போய், ஆன்ட்டியின் வானைப் பொலிஸ் பிடிக்கப் பார்க்குது என்று சொல்லியிருக்கின்றன. பெற்றோர் குறூப்பில் ஒரு தகப்பன் கேட்டிருக்கிறார்: "நீங்கள் ஸ்பீடா ஓடுறனீங்களோ?" ஏழு வருஷமாகப் பள்ளிக்கூட வான் ஓடுகிறேன். ஒரு கீறல் இல்லை. இந்தப் பேர் கெட்டால் பிறகு யார் பிள்ளையை அனுப்புவார்கள்?

ஜூன் 12, வியாழன்

குறூப்பில் தனுஷியா மட்டும் எனக்காக எழுதினாள். "சாருஜா மாதிரிக் கவனமா ஓடுற ஆள் வெள்ளவத்தையிலயே இல்லை." வாசித்ததும் கண் கலங்கிவிட்டது. ஆறாம் வகுப்பிலிருந்து ஒன்றாகப் படித்தவள். அவள் மகள் மிதுஷாவுக்கு வானில் வாந்தி வரும் என்பதால் முன் ஆசனம் எப்போதும் அவளுக்குத்தான்.

ஜூன் 16, திங்கள்

பெட்டியை, ஃபோன் திருத்தும் ஷிப்லி நானாவின் கடைக்குக் கொண்டுபோனேன். திறந்து பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"இதில பிழை இல்ல தங்கச்சி. மலிவுச் சாமான். கிட்டக்க ஒரு ஃபோனுக்குக் கோல் வந்தாப் போதும், ராடார் எண்டு நெனச்சிக் கத்தும். உங்கட ஃபோனைத் தூர வைங்க."

இவ்வளவுதானா! நானோ டெரிக்கை மனதுக்குள் கிழித்துத் தொங்கவிட்டிருந்தேன்.

ஜூன் 17, செவ்வாய்

ஃபோனை நிறுத்திப் பின்னால் சாமான் பைக்குள் போட்டேன். வழமையாகப் பள்ளிக்கூடம் விட்டு வரும் நேரத்தில் கொட்டாஞ்சேனையில் இருக்கும் என் அக்கா கோல் எடுப்பாள், ஸ்பீக்கரில் போட்டுக் கதைத்துக்கொண்டே ஓடுவேன். அதுவும் இல்லாமல் பாதை நீண்டுகொண்டே போனது.

ஒன்று நாற்பதுக்குப் பெட்டி கத்தியது. என் ஃபோன் செத்துக் கிடக்கிறது. அப்படியென்றால் யாருடையது? பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைகள் ஃபோன் கொண்டுபோகக் கூடாதே.

பின்னேரம் கடைத்தெருவில் தனுஷியாவைக் கண்டேன். கை காட்டினேன். பார்க்காததுபோல் போனாள். என்ன அவசரமோ.

ஜூன் 18, புதன்

மிதுஷா வரவில்லை, காய்ச்சல். பெட்டி வாயே திறக்கவில்லை.

ஜூன் 20, வெள்ளி

காய்ச்சல் மாறி மிதுஷா இன்று வந்தாள்.

ஒன்றரைக்குப் பிள்ளைகளை ஏற்றியபின் வானை ஓரமாகவே நிறுத்தி வைத்தேன். "பையை ஒருக்காத் தாங்கோ குஞ்சு" என்றேன். மிதுஷா பையை இறுக்கிப் பிடித்தாள். "அம்மா சொல்ல வேண்டாமெண்டவ."

பக்கப் பொக்கற்றில், லேஞ்சித் துணியில் சுற்றி, ஒரு சின்னப் பட்டன் ஃபோன். கையில் எடுத்து வைத்திருக்கும்போதே வெளிச்சம் வந்தது. 'அம்மா' என்று பெயர். மணி இல்லை, அதிர்வு இல்லை. அழைப்பைத் தானாகவே எடுத்துக்கொண்டது. பெட்டி அலறியது.

காதில் வைத்தேன். மின்விசிறிச் சத்தம். யாரோ தட்டச்சு அடிக்கும் சத்தம். அவளுடைய அலுவலகம். ஒரு சொல்லும் இல்லை - கேட்டுக்கொண்டிருக்கிறாள்! திரும்ப அதே லேஞ்சியில் சுற்றி வைத்துவிட்டு வானை எடுத்தேன்.

என் வானுக்குள், என் தலைக்குப் பக்கத்தில், எத்தனை நாளாக? குறூப்பில் எனக்காக எழுதியவள். புருஷன் விட்டிட்டுப் போனதை இந்த ஊரில் எனக்கு மட்டும் சொல்லி, என் குசினி அடுப்படியில் இருந்து அழுதவள். சந்தேகமென்றால் முகத்துக்கு நேரே கேட்டிருக்கலாமே? துரோகி. எழுதிவிட்டேன், வெட்டப் போவதில்லை.

ஜூன் 21, சனி

அவள் ஃபிளற்றுக்குப் போனேன். நாற்காலியைக் காட்டி இருக்கச் சொன்னாள். இருக்கவில்லை.

"என்னை ஒட்டுக் கேக்கிறியோடி?"

"உன்னையில்லை. என்ர மனுசன் வந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போவன் எண்டு மெசேஜ் போட்டவர். அவள் வானில ஏறிட்டாளோ எண்டு பாக்கத்தான் வச்சனான்."

"என்னட்டைச் சொல்லியிருக்கலாம்தானே?"

"உன்னட்டையோ?" சிரித்தாள். அந்தச் சிரிப்பை அவளிடம் நான் கண்டதில்லை. "போன திங்கள் ஒண்டு நாப்பதுக்கு உன்ர கொக்காவோட என்ன கதைச்சனி?"

எனக்கு நினைவில்லை. அவள் சொன்னாள், என் குரலிலேயே, இழுவை மாறாமல்: "'பாவம்தான் அக்கா, ஆனா இவளும் லேசுப்பட்ட ஆளில்லை. அந்தாள் மற்றவளோட ஓடினதில என்ன புதினம்?' பிறகு ரெண்டுபேரும் சிரிச்சனீங்கள்."

சொன்னேன்தான். ஒரு கதைக்குச் சொன்னது. அக்காவிடம்தானே?

"அப்ப வானில பிள்ளை நித்திரை" என்று மட்டும் வாயில் வந்தது. ஏன் அதைச் சொன்னேன்?

"நித்திரையில்லை சாரு. அப்பா கட்டாரில வேலை எண்டுதான் நான் சொல்லி வச்சிருக்கிறன். அண்டு பின்னேரம் வந்து கேக்கிறாள், 'அம்மா, அப்பா ஓடினவரோ' எண்டு."

எப்படிப் படியிறங்கினேன் என்று தெரியவில்லை.

ஜூன் 22, ஞாயிறு

அக்கா மூன்று முறை கோல் எடுத்தாள். நான் எடுக்கவில்லை. அவளில் என்ன பிழை?

ஒட்டுக் கேட்டது கேட்டதுதான். அதை நான் மன்னிக்கவில்லை. ஆனால் அவள் என்னைப்பற்றி யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. குறூப்பில் அப்படி எழுதியதுகூட - அது பன்னிரண்டாம் திகதி. அந்தத் திங்கள் நான் கதைத்ததைக் கேட்கும் வரைக்கும் அவளுக்கு அது உண்மைதான்.

ஜூலை 1, செவ்வாய்

வேறு வான் கிடைக்கவில்லையாம், மிதுஷா தொடர்ந்து வருகிறாள். ராடார் பெட்டியைக் கழற்றி டெரிக்கிடமே கொடுத்துவிட்டேன். குறூப்பில் இப்போது ஒருவரும் ஒன்றும் கேட்பதில்லை.

ஃபோனை ஒளிக்க வேண்டாம் என்று தனுஷியா சொல்லியிருப்பாள்போல. பிள்ளை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். ஒன்று நாற்பதுக்கு வெளிச்சம் வந்தது. நான் வீதியையே பார்த்து ஓட்டினேன்.

"ஓம் அம்மா, ஏறிட்டன்" என்றாள். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு, குரலைத் தணித்து, "இல்லையம்மா. ஆன்ட்டி இப்ப ஒண்டும் கதைக்கிறேல்ல."