ஆஷா விரும்பி உண்பது

பெருமாநல்லூர்,
12.7.2006

மதிப்பிற்குரிய தமக்கையாருக்கு,

வணக்கம். தங்கள் கடிதத்திற்குப் பதில் எழுதத் தாமதமானமைக்குப் பொறுத்தருள்க.

எங்கள் லைன் வீடுகளுக்கு அருகில் புதிய பால்வாடி திறந்துள்ளார்கள். வெளியூரிலிருந்து வந்து பனியன் கம்பெனியில் உழைப்போரின் பிள்ளைகளையும் சேர்க்கிறார்கள்; முட்டையும் சத்துமாவும் தருகிறார்கள். பிள்ளையை விட இடமில்லை என்றுதான் கைக்குழந்தையாக ஆஷாவைத் தங்களிடம் ஒப்படைத்தேன். அந்தக் காரணம் இனி இல்லை.

நம்மூர்க் கோயில் கொடைத் திருவிழாவுக்கு நான் வந்தபோது, என்னைக் கண்டு தங்கள் சேலைக்குள் ஒளிந்த என் மகளிடம், "சித்திக்கு டாட்டா காட்டு மக்கா" என்றீர்கள். எல்லோரும் சிரித்தனர். நானும் சிரித்தேன். அதைப் பற்றி இங்கு எழுதப்போவதில்லை.

நேற்று அவள் பெயரைப் பதிந்துவிட்டேன். ஆசிரியை சாரதாமணி அன்பாகத்தான் கேட்டார்: "ஏனுங்க, பாப்பா என்னங்க விரும்பிச் சாப்புடும்? முட்டை ஒத்துக்குமுங்களா?"

மூன்று வயது மகளைப் பற்றித் தெரியாது என்று சொல்ல நா எழவில்லை. "எல்லாம் சாப்பிடுவாள்" என்றேன்.

"நல்லா வளத்திருக்கீங்க" என்று பாராட்டினார்.

மாதக் கடைசி ஞாயிறன்று அவளை அழைத்துச் செல்ல வருகிறேன். அதற்குமுன், அவள் எதை விரும்பி உண்பாள், எதை ஒதுக்குவாள் என்பதைத் தாமதமின்றி எழுதி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
ஆஷாவைப் பெற்றவள்