அப்பாவின் மீசையும் தம்பியின் நேர்காணலும்

கிர்ஷெஹிர்,
அக்டோபர் 12

அன்பு மகள் குல்செரெனுக்கு, அல்லாஹ்வின் கிருபையால் இங்கே என் முழங்காலைத் தவிர எல்லோரும் நலம், கொலோன் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் நலமாக இருக்க ஐந்து வேளையும் துஆ கேட்கிறேன். அப்பா ஏன் போனில் உம்மென்று இருக்கிறார் என்று கேட்டாயே, அதை எழுதத்தான் உட்கார்ந்தேன். போன மாதம் முடிவெட்டும் ஜெவ்தெத், அப்பாவின் மீசையில் கத்திரி வைத்த நேரம் பார்த்துத் தும்மிவிட்டான். ஒரு பக்கம் போனது, அதற்குச் சமமாக மறுபக்கம், மறுபடி அதற்குச் சமமாக இது என்று வெட்டி வெட்டி, நாற்பது வருடமாக மேலுதட்டை மூடிக்கிடந்த இடதுசாரி மீசை, ஒட்டக் கத்தரித்த பள்ளிவாசல் கட்சி மீசையாகிவிட்டது. நம் ஊரைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டுமா, மனசுக்குள் என்ன இருக்கிறது என்று எவன் பார்க்கிறான், மூக்குக்குக் கீழே பார்த்தால் போதும். மறுநாளே கறிக்கடைக்காரர் "வாங்க ஹாஜியாரே" என்று நல்ல துண்டாகப் பார்த்துக் கொடுத்தார். தேநீர்க்கடையில் கூட்டாளிகள் மேசை மாறி உட்கார்ந்து, "ஷுக்ரு வாத்தியாரும் விலை போயிட்டாருப்பா" என்று காதுபடவே பேசினார்களாம். ஒருநாளும் தொழாத மனுஷர் ஹாஜியார். முக்காட்டோடு ஐந்து வேளை தொழுதுவிட்டு அப்பாவின் இடதுசாரிக் கட்சிக்கே ஓட்டுப் போடுகிற என்னை மட்டும் இதுவரை யாரும் எந்தப் பக்கத்திலும் சேர்த்ததில்லை, எனக்குத்தான் மீசை இல்லையே.

இதில் உன் தம்பி செர்ஹாத்தின் வாத்தியார் வேலையும் மாட்டிக்கொண்டது. எழுத்துத் தேர்வில் முதல் ஆளாக வந்தும் நேர்காணலில் இரண்டு முறை தள்ளிவிட்டார்கள், அவனுக்கு நிச்சயம் பண்ணின பெண் வீட்டாரும் இனிமேல் காத்திருக்க முடியாது என்கிறார்கள். பக்கத்து வீட்டில் இறந்தவரின் ஜனாஸாவுக்குப் போன அப்பா வழக்கம்போல் பள்ளிவாசல் மதிலுக்கு வெளியே நின்றிருக்கிறார், ஆளும் பள்ளிவாசல் கட்சியின் உள்ளூர்த் தலைவர் கையைப் பிடித்து முதல் வரிசைக்கே இழுத்துப் போய்விட்டார். "பையனுக்கு நேர்காணலாமே, நான் ஒரு வார்த்தை சொல்லிடறேன் ஹாஜியாரே" என்றாராம். நேர்காணல் வரை இருபது நாள் அப்படியே இருக்கட்டும், மீசைதானே என்று நான்தான் கெஞ்சினேன். வாலிபத்தில் அந்த மீசையை எடுக்க மாட்டேன் என்று வேலையையே விட்டவர், மகனுக்காகத் தினமும் காலையில் கண்ணாடி முன் நின்று தானே கத்தரித்துக்கொண்டார்.

நேர்காணலில் பெரியவர் ஒருவர் சிரித்துக்கொண்டே "நம்ம ஹாஜியார் மகன்தானே நீ" என்றாராம். தலையாட்டினால் வேலை கையில். இவனோ, "இல்லீங்க, எங்கப்பா இடதுசாரி, பார்பர் தும்மிட்டாரு. தொழுவுறது எங்கம்மா. அவங்களும் இடதுசாரிதான்" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறான். செவ்வாய்க்கிழமை பட்டியல் வந்தது, அவன் பெயர் இல்லை. அப்பா அவன் தலையைத் தடவிக்கொடுத்தார். எனக்குக் கோபம்தான், வாயை மூடிக்கொண்டு சிரித்திருக்கக் கூடாதா என்று அன்று அவனோடு பேசவே இல்லை. ஆனாலும் மதியம் லுஹர் தொழுத பிறகு எழுந்திருக்க மனசு வராமல், இப்படி ஒரு பிள்ளையைக் கொடுத்தாயே என்று இன்னும் இரண்டு ரக்அத் தொழுதேன்.

குழந்தைக்குக் காதை மூடித் தொப்பி போடு. அல்லாஹ் உங்களுக்கு நீண்ட ஆயுளும் நிம்மதியும் தரட்டும். பெண் வீட்டாருக்கு மறக்காமல் போன் செய், கொஞ்சம் பொறுக்கச் சொல். வேலை ஏன் கிடைக்கவில்லை என்று கேட்டால் அவன் சொன்னதை அப்படியே சொல், என்னைப் பற்றிச் சொன்னதையும் விட்டுவிடாதே.

துஆவுடன்,
உன் அம்மா நெஸாஹத்