எட்டடி நீலம்

வடக்கு மாலத்தீவு,
9 பிப்ரவரி 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

ஜோதி எழுதுவது. நாங்கள் இருவரும் சுகம். நீங்களும் மதினியும் சுகமா? போனில் பேசினால் பாதியில் அறுந்துபோகிறது. அதனால் தாளில் எழுதிப் படமெடுத்து, சிக்னல் கிடைக்கிற தீவிலிருந்து அனுப்புகிறேன்.

இலங்கையிலிருந்து நாலு நாளில் இங்கே வந்து சேர்ந்தோம். இருபது வருஷம் கப்பலில் இன்ஜின் பக்கத்திலேயே கிடந்த உங்கள் மாப்பிள்ளை, இப்போது சொந்தப் பாய்மரப் படகு ஓட்டுகிறார். "ஏ ஜோதி, சத்தமே இல்லாமப் போகுது பாத்தியா" என்று பத்துத் தடவையாவது சொல்லியிருப்பார்.

இங்கே கடலுக்கு அடியில் தரை தெரிகிறது. படகின் நிழல் மணலில் தனியாக நம்மோடு கூட வருகிறது. பார்க்க அழகு, ஆனால் ஆபத்தும் அதில்தான். எங்கள் படகின் அடிக்கட்டை தண்ணீருக்குள் ஐந்தரை அடி இறங்கி நிற்கும். ஆழம் காட்டும் கருவி நேர் கீழே இருப்பதைத்தான் சொல்லும், முன்னால் வருவதைச் சொல்லாது. அதற்கு ஓர் ஆள் முகப்பில் நின்று தண்ணீரின் நிறத்தைப் பார்த்துக் கை காட்ட வேண்டும். அந்த ஆள் நான்தான். வெயில் முதுகில் இருக்கிற நேரம் மட்டும் நகர்வோம்.

மூன்றடி ஆழம் என்றால் தண்ணீர் வடித்த கஞ்சி மாதிரி. ஆறு, ஏழு அடியில் கோலி சோடா பாட்டில். ஆழம் போகப் போகத் துணிக்குப் போடும் சொட்டு நீலம். கருப்பட்டி நிறத்தில் திட்டுத் தெரிந்தால் அது பவளப்பாறை, உடனே ஒதுங்க வேண்டும்.

கல்யாணமாகிப் பதினெட்டு வருஷத்தில் அவர் என்னை நம்பிக் கொடுத்த முதல் வேலை இது. நான் கை காட்டாமல் ஓரடி நகர்த்துவதில்லை. உங்களிடம்தான் இதைச் சொல்லிப் பெருமைப்பட முடியும்.

உங்கள் தங்கை,
நாகஜோதி


திருத்தங்கல்,
14 பிப்ரவரி 2025

அன்புத் தங்கை ஜோதிக்கு அண்ணன் சங்கரலிங்கம் எழுதியது.

உன் கடிதம் கிடைத்தது. உன் மதினி பாலம்மாள்தான் வாசித்தாள். அடுத்த முறை எழுத்தைப் பெரிசாகப் போடு. போனில் எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கிறது.

முப்பத்தோரு வருஷமாகக் காலண்டருக்குக் கடல் அடிக்கிறேன். நேரில் பார்த்தது திருச்செந்தூரில் மட்டும், அது மண் நிறம். நிறம் சரி என்று நான் கையெழுத்துப் போட்ட தாளைப் பார்த்துத்தான் மிஷின் ஓடுகிறது, ஆனாலும் நான் அடித்த நீலம் உலகத்தில் எங்காவது உண்டா என்று எனக்கே தெரியாது. ஆர்டர் கொடுக்கிறவர்கள் "அண்ணாச்சி, ப்ளூவைக் கொஞ்சம் தூக்குங்க" என்பார்கள், தூக்கிவிடுவேன்.

கஞ்சி, சோடா பாட்டில் என்றால் எனக்குப் போதாது. பிரஸ்ஸில் நிறப் புத்தகம் ஒன்று இருக்கிறது. நூற்றுக்கணக்கான கட்டம், ஒவ்வொன்றுக்கும் நம்பர். அதை மாலேயில் உங்கள் ஏஜென்ட் முகவரிக்கு அனுப்புகிறேன். கயிற்றில் அடிக்கு ஒரு முடிச்சுப் போட்டு ஆழத்தை அள. எந்த ஆழத்துக்கு எந்தக் கட்டம் பொருந்துகிறது என்று எழுது. அந்த நிறங்களைத் தனித்தனிப் பட்டையாக அடித்து, ஆழத்தை மேலே ஒட்டி, விசிறி மாதிரி கோத்துத் தருகிறேன். கையில் பிடித்துக்கொண்டு நிற்கலாம்.

நண்டு உண்டா? என்ன நிறம்?

சங்கரலிங்கம்


மாலே,
27 பிப்ரவரி 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

புத்தகம் வந்தது. மூன்று நாள் இதே வேலை. அவர் சிரிக்கிறார். "மேகம் வந்தா நிறம் மாறிரும், உங்க அண்ணன் மேகத்துக்கும் அட்டை அடிப்பாரா?" என்கிறார். ஆனால் கயிற்றைப் பிடித்து முடிச்சு எண்ணியது அவர்தான்.

எட்டு ஆழத்துக்கு எட்டு நம்பர், தனித்தாளில் பெரிசாக எழுதியிருக்கிறேன். ஐந்தடிக்கும் எட்டடிக்கும் உள்ள வித்தியாசம் நூலளவுதான், பார்த்துக்கொள்ளுங்கள். அந்த இரண்டும்தான் எங்களுக்கு முக்கியம். எட்டடியில் போகலாம், ஐந்தடியில் தட்டும்.

நண்டு மணல் நிறம். ஓடினால்தான் தெரியும்.

நாகஜோதி


திருத்தங்கல்,
8 மார்ச் 2025

அன்புத் தங்கைக்கு,

மாத்திரைக் கம்பெனி ஆர்டர் ஒன்று ஓடியபோது தாளின் ஓரத்தில் உன் எட்டு நீலத்தையும் அடித்துவிட்டேன். தண்ணீர் பட்டாலும் ஒன்றும் ஆகாது, லேமினேஷன் போட்டிருக்கிறது. கூரியரில் வருகிறது.

இப்போதெல்லாம் பைக் எடுப்பதில்லை. சிவகாசிக்குப் பஸ்ஸில்தான் போகிறேன். சாயங்காலம் எதிரே வருகிற லைட் கூசுகிறது. எல்லாரும் வெள்ளை லைட் மாட்டிக்கொண்டு அலைகிறார்கள்.

மாப்பிள்ளையிடம் சொல், மேகத்துக்கும் அட்டை அடிப்பேன்.

சங்கரலிங்கம்


25 மார்ச் 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

இதை மதினியிடம் கொடுக்காமல் நீங்களே வாசியுங்கள். அதற்காகத்தான் பக்கத்துக்கு ஆறு வரி எழுதுகிறேன்.

உங்கள் அட்டை 14ஆம் தேதி காலையில் கைக்கு வந்தது. அன்று பகல் பதினோரு மணிக்கு ஒரு தீவுக்குள் நுழைந்தோம். முன்னால் வந்த தண்ணீரோடு அட்டையைப் பொருத்திப் பார்த்தேன். எட்டடி என்று இருந்தது. வரலாம் என்று கை காட்டினேன். படகு தட்டி நின்றது.

மணல்தான், பாறை இல்லை. ஓதம் ஏறித் தண்ணீர் உயரும்வரை ஐந்து மணி நேரம் சாய்ந்தே கிடந்தோம். "கண்ணு எங்கன இருந்துச்சு உனக்கு?" என்றார். அவ்வளவுதான், திட்டவில்லை. ஆனால் மறுநாளிலிருந்து அவர் முகப்பில் நிற்கிறார். எனக்குச் சுக்கான். அவர் கை காட்டுகிறார், நான் திருப்புகிறேன். பத்து நாளாகிறது.

அப்புறம் தனியாக உட்கார்ந்து பட்டைகளை நிறப் புத்தகத்தோடு வைத்துப் பார்த்தேன் அண்ணே. ஐந்தடி நிறத்தின் மேல் எட்டு என்று ஒட்டியிருக்கிறது. எட்டடி நிறத்தின் மேல் ஐந்து. நான் அளந்த கடல்தான், எனக்கே தெரிந்திருக்க வேண்டும். உங்கள் கை ஒட்டியது என்று நம்பிவிட்டேன்.

அவரிடம், நான்தான் சரியாகப் பார்க்கவில்லை என்று சொல்லிவிட்டேன். அவர் மச்சான் முனியராஜ் உங்கள் பிரஸ்ஸில்தானே இருக்கிறார். இவர் அவரிடம் சொன்னால் சாயங்காலத்துக்குள் முதலாளி காதுக்குப் போய்விடும்.

கண்ணை டாக்டரிடம் காட்டினீர்களா?

நாகஜோதி


28 மார்ச் 2025

ஜோதிக்கு,

என் கண்ணுக்கு ஒன்றுமில்லை. நிறம் அடித்தது நான். ஆழத்தை ஒட்டியது டிசைன் பிரிவில் வேலை பார்க்கிற சினேகா என்ற பெண். கவனம் கிடையாது. கண்டித்துவிட்டேன். அட்டையைத் தூரப் போட்டுவிடு.

சங்கரலிங்கம்


2 ஏப்ரல் 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

அட்டையில் ஒட்டியிருக்கிற அந்த எட்டு உங்கள் கையெழுத்து. மேல் சுழியை மூடாமல் விடுவது நீங்கள் மட்டும்தான்.

இனி இதைப் பற்றிக் கேட்க மாட்டேன். அவரிடமும் சொல்ல மாட்டேன், முகப்பில் நிற்காவிட்டால் எனக்கு உயிரா போய்விடும்? சுக்கான் பிடிக்கவும் பழகிவிட்டேன். நீங்கள் மதுரைக் கண் ஆஸ்பத்திரிக்கு ஒரு நடை போய் வாருங்கள். அது போதும்.

நாகஜோதி


திருத்தங்கல்,
21 ஏப்ரல் 2025

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை மாரீஸ்வரன் அவர்களுக்கு,

சங்கரலிங்கம் எழுதுவது. உங்களுக்கு நான் தனியாகக் கடிதம் எழுதுவது இதுதான் முதல் தடவை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

அன்றைக்குப் படகு தட்டியது ஜோதி தப்பாகப் பார்த்ததால் இல்லை. அட்டையில் ஐந்தையும் எட்டையும் மாற்றி ஒட்டியது நான். அவள் என்னைக் காப்பாற்றுவதற்காகப் பழியைத் தன்மேல் போட்டுக்கொண்டாள்.

போன தீபாவளியிலிருந்தே எனக்கு நீலம் சரியாகத் தெரியவில்லை. யாரிடமும் சொல்லவில்லை. கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் சினேகாவைக் கூப்பிட்டு, "உனக்கு எப்படித் தெரியுது, சொல்லு பாப்போம்" என்பேன். அவளைச் சோதிக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு சொல்வாள். அதைக் கேட்டுக்கொண்டு போட்டுவிடுவேன். இப்படியே ஐந்து மாதம் ஓட்டினேன். உங்கள் அட்டையை மட்டும் அவளிடம் காட்டவில்லை. தங்கச்சிக்குச் செய்வது, நானே ஒட்டுவோம் என்று இருந்துவிட்டேன்.

அம்மன் கோவில் பங்குனிப் பொங்கல் லீவில் மதுரைக்குப் போனேன். இரண்டு கண்ணிலும் புரை. பழுத்த புரை மஞ்சள் கண்ணாடி போட்ட மாதிரி, நீலத்தைத்தான் முதலில் தின்னும் என்றார் டாக்டர். வலது கண்ணுக்கு ஆபரேஷன் முடிந்தது. இடதுக்கு அடுத்த மாதம். இப்போது ஒரு கண்ணை மூடிப் பார்த்தால் ஒரு நிறம், மற்றதை மூடினால் வேறு நிறம். ஒரே காலண்டரை எடுத்து வைத்துக்கொண்டு மாற்றி மாற்றிப் பார்க்கிறேன். பாலம்மாள், "கிறுக்குப் பிடிச்சிருச்சா உங்களுக்கு" என்கிறாள்.

முதலாளியிடம் நானே சொல்லிவிட்டேன். முனியராஜ் மாப்பிள்ளை சொல்ல வேண்டிய வேலை இல்லை. ஆடிப் பதினெட்டுக்குப் புது வருஷக் காலண்டர் ஆல்பம் வெளியாகும்வரை சினேகா கையெழுத்துப் போடட்டும் என்றார். அதன்பிறகு என்ன என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அவள் பெயரை இழுத்துவிட்டு ஜோதிக்குப் பொய் எழுதியதையும் அவளிடமே சொன்னேன். "எனக்கே தெரியாம என்னையத் திட்டிட்டீகளா அண்ணாச்சி?" என்று சிரித்தாள்.

வலது கண்ணால் ஜோதி எழுதி அனுப்பிய எட்டு நம்பரையும் நிறப் புத்தகத்தில் மறுபடி பார்த்தேன். எட்டும் வரிசை பிசகாமல் இருக்கின்றன. அசைகிற படகில் நின்றுகொண்டு, நூலளவு வித்தியாசத்தைப் பிரித்து எழுதியிருக்கிறாள். எங்கள் பிரஸ்ஸில் அப்படிப் பார்க்கிற ஆள் இப்போது சினேகா ஒருத்திதான்.

இந்தக் கடிதத்தை ஜோதியிடம் காட்டுவதும் காட்டாததும் உங்கள் விருப்பம். நாளை வெயில் முதுகுக்கு வந்ததும் நங்கூரம் எடுப்பீர்கள். அப்போது சுக்கானை நீங்கள் வாங்கிக்கொண்டு, அவளை முகப்பில் நிற்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
சங்கரலிங்கம்