அது அவவின்ர முடிவு

நேற்று லண்டனில் டூட்டிங் கடையொன்றில் யூகலிப்டஸ் தைலப் போத்தல் விழுந்து உடைந்தது. எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டு விலகினார்கள். நான் மட்டும் நின்ற இடத்திலேயே நின்றேன். அந்த வாசனையோடு நீர் வந்துவிட்டீர்.

எண்பதுகளின் நடுவில் என் அகதி வழக்கை நடத்தியவர் நீர். வழக்கு வென்றதும், "டைப் அடிக்கத் தெரியுமெண்டால் திங்கட்கிழமை வாரும்" என்றீர். துணிக்கடைக்கு மேலே இரண்டு அறை அலுவலகம். வீட்டிலிருந்து வெளியேற்றப்பட்டவர்களும், வந்த கடிதத்தில் என்ன எழுதியிருக்கிறதென்று தெரியாதவர்களும் படிக்கட்டு முழுக்க உட்கார்ந்திருப்பார்கள். ஒவ்வொருவரோடும் நின்று கதைத்துவிட்டு மேலே வர உமக்குப் பத்தரையாகிவிடும். கோப்புக்கு மேலே வைத்து வடை சாப்பிடுவீர். நீதிமன்றத்துக்குப் போகவேண்டிய சத்தியக்கடதாசியில் எண்ணெய் பட்டால் அதை நான் திரும்ப அடிப்பேன். இருவருக்கும் ஒரே வயது. சண்டை பிடிக்குமளவுக்குச் சிநேகிதிகளாக அதிக காலம் எடுக்கவில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு மழைநாள், அவுஸ்திரேலியாவின் ஆதிக்குடியைச் சேர்ந்த ஒரு மூதாட்டி தன் சகோதரனின் மகனான பெறாமகனோடு அந்தப் படியேறி வந்தார். அவருடைய பாட்டனாரின் மண்டையோடு இங்குள்ள அருங்காட்சியகம் ஒன்றின் அலமாரியில் கிடந்தது. அதைக் கொண்டுபோய்ச் சொந்த மண்ணில் புதைக்க வேண்டும். சட்டத்தில் இடமில்லையென்று மற்ற வழக்கறிஞர்கள் கைவிரித்துவிட்டார்கள். நீர் சட்டப் புத்தகத்தைத் தொடவேயில்லை. "உங்கள் பாட்டனார் எப்படிப்பட்டவர்?" என்று கேட்டீர். அவர் பின்னேரம் வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

பல மாதக் கடிதங்களுக்குப் பிறகு அருங்காட்சியகம் எங்களைக் கூப்பிட்டது. மூதாட்டியும் அதற்காகத் திரும்ப வந்திருந்தார்; அதிகாரிகள் அவரை விட்டு உம்முடைய முகத்தையே பார்த்துப் பேசினார்கள். மண்டையோட்டைத் தருகிறோம், ஆனால் புதைக்கக்கூடாது, அந்த நாட்டு அருங்காட்சியகத்தில் ஆராய்ச்சிக்கு வைக்க வேண்டும் என்றார்கள். யோசிக்க அவகாசம் கேட்டு வெளியே வந்தோம். நடைபாதையில் நான் உம்முடைய கையைப் பிடித்தேன்.

"ஓமெண்டு சொல்லும். முதல்ல ஊருக்குப் போய்ச் சேரட்டும்."

"அவவிட்டைக் கேப்பம்."

"அவவுக்கு இந்தச் சட்டமெல்லாம் விளங்காது. என்ர அண்ணையைப் பிடிச்சுக்கொண்டு போனவங்கள் ஒரு எலும்பைத் தந்திருந்தாலும் நான் வாங்கியிருப்பன். எந்த நிபந்தனைக்கும் கையெழுத்து வைச்சிருப்பன்."

 நீர் மெதுவாகச் சொன்னீர்: "ஓம். நீர் வாங்கியிருப்பீர். அது உம்மட முடிவு. இது அவவின்ர."

மூதாட்டியிடம் எல்லாவற்றையும் ஒளிக்காமல் விளக்கினீர். மறுத்தால் அவர் உயிரோடிருக்கும்போது இது கிடைக்காமலும் போகலாம் என்றும் சொன்னீர். அவர், "ஒரு அலமாரியிலிருந்து இன்னொரு அலமாரிக்கா? வேண்டாம்" என்றார். வெறுங்கையோடு விமானம் ஏறினார். அன்று நோர்தேர்ன் லைன் பாதாள ரயிலில் கோலியர்ஸ் வுட் நிலையம் வரை நீர் முகத்தை மூடிக்கொண்டு அழுதீர். நான் பக்கத்தில் இருந்தும் ஆறுதல் சொல்லவில்லை. உம்மில் அவ்வளவு கோபம்.

நீர் விடவில்லை. ஆண்டுக்கணக்காக எழுதினீர். பத்திரிகைக்காரர்களைத் தேடிப் போனீர். மற்ற ஆதிக்குடிகளும் பறிபோன தங்கள் காட்டுக்காகவும் ஆற்றுக்காகவும் உம்மைத் தேடி வரத் தொடங்கினார்கள். கடைசியில் ஒரு நிபந்தனையுமில்லாமல் தர அருங்காட்சியகம் சம்மதித்தது. அதற்குள் மூதாட்டி இறந்துபோயிருந்தார். பெறாமகன் தனியாக வந்து, அருங்காட்சியக முற்றத்தில் தங்கள் வழக்கப்படி யூகலிப்டஸ் இலைகளை எரித்து, புகைக்கு நடுவே அந்தப் பெட்டியை வாங்கினார். "மாமி இரண்டு குழி வெட்டச் சொன்னா. ஒண்டில அவ படுத்திருக்கிறா, மற்றது காத்திருக்கு" என்ற பொருளில் அவர் இங்கிலிஷில் சொன்னதை நீர் எனக்குத் தமிழில் திருப்பிச் சொன்னீர், எனக்கு இங்கிலிஷ் தெரியுமென்பதையும் மறந்து. அன்றுதான் உம்மிடம் மன்னிப்புக் கேட்டேன்.

அண்ணையின் எலும்பு இன்றுவரை வரவில்லை. வந்தால், எந்த நிபந்தனைக்கும் நான் இன்றைக்கும் கையெழுத்து வைப்பேன் என்றே நினைக்கிறேன். அதற்கு நீர் என்னைக் குறை சொல்லமாட்டீர்.

இப்போது நான் ஆஸ்பத்திரிகளில் மொழிபெயர்ப்பாளர். போன கிழமை ஒரு அம்மாவின் பிள்ளைகள், "அம்மாவுக்கு ஒண்டும் சொல்லாதேங்கோ, நாங்கள் முடிவெடுக்கிறம்" என்றார்கள். நான் டொக்டரிடம், முதலில் அம்மாவைக் கேட்க வேண்டும் என்றேன். மகன் முறைத்தான். டொக்டர் கேட்டதை அம்மாவிடம் தமிழில் கேட்டேன். அந்த அம்மா என் விரல்களைப் பிடித்து, "நீயாவது கேட்டியே பிள்ளை, இரு, சொல்லுறன்" என்றார்.

அவர் சொல்லி முடிக்கும் வரை இருந்தேன்.