பாஸ்வேர்டு கேட்காத வீடு

கோமு என்று கூப்பிட இனி ஆளில்லாமல் செய்துவிட்டுப் போன என் அப்பாவுக்கு,

காரியம் முடிந்த கையோடு இதை எழுதியிருந்தால் இது வேறு கடிதமாக இருந்திருக்கும். உங்கள் ஓய்வுபெற்றோர் சங்கத்து மலரில் போட உங்களைப் பற்றி நாலு வார்த்தை எழுதிக்கொடு என்று உங்கள் மாப்பிள்ளை சிவா சொன்னார். சொன்ன சொல் மாறாதவர், மனதில் ஒன்றும் வெளியில் ஒன்றும் இல்லாதவர் என்று ஆரம்பித்தேன். வேலைகள் வந்து அப்படியே நின்றுவிட்டது. நல்லதாகப் போயிற்று.

ஹப்சிகுடாவில் வெயில் ஆரம்பித்துவிட்டது. கூலரை இறக்கித் துடைத்து வைத்தாயிற்று. பந்த் இல்லாத நாட்களில் நான் ஆபீஸ் போகிறேன், பந்த் என்றால் வீட்டிலிருந்தே வேலை. உங்கள் அறையை இன்னும் காலி செய்யவில்லை. கட்டிலையும் மின்விசிறியையும் அப்படியே விட்டிருக்கிறேன். அங்கே போய் உட்கார்ந்து உங்களிடம் சண்டை போட எனக்கு ஓர் இடம் வேண்டும்.

சங்கரியின் வீட்டுக்குப் போயிருந்தேன், அப்பா. அதைத்தான் சொல்ல வந்தேன்.

சங்கரி யார் என்று உங்களுக்கே சொல்வது வேடிக்கைதான். ஆனால் ஆறு வருஷமாக இந்த வீட்டில் அந்தப் பெயரைச் சொல்ல நீங்கள் விட்டதில்லை. அம்மா போன பிறகு நம் இருவர் மடியிலுமாக வளர்ந்த என் தங்கை. கூட வேலை பார்த்த கிரணை, தெலுங்குப் பையனை, நம்மிடம் சொல்லாமல் பதிவுத் திருமணம் செய்துகொண்டு வந்து நின்றாள். நீங்கள் சத்தம் போடவில்லை. அவள் போன பிறகு என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்தீர்கள். "அவ இந்த வீட்டுப் படி ஏறக் கூடாது, நீயும் அங்க போவக் கூடாது. போனேன்னா எனக்கு ரெண்டு பிள்ளையும் இல்லைன்னு நெனச்சுக்கிடுதேன்" என்றீர்கள்.

நான் போகவில்லை. பாரு பிறந்த செய்தி வேறு யாரோ சொல்லித்தான் வந்தது. அம்மாவின் பெயரைக் குழந்தைக்கு வைத்திருக்கிறாள், பார்வதி என்று. அதைக் கேட்டதும் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். வெளியே வந்தபோது நீங்கள் செய்தி பார்த்துக்கொண்டிருந்தீர்கள். உங்களுக்கு எவ்வளவு வலிக்கிறதோ, அதைக் காட்டிக்கொள்ளாமல் இருக்கிறீர்களே என்று உங்களுக்காகவும் கொஞ்சம் அழுதேன்.

உங்கள் லேப்டாப்பில் ஆரம்பித்தது இது. சிவாவின் ஆபீஸில் கழித்துவிட்ட அந்தக் கறுப்புக் கனச்செங்கல். வீட்டில் வை-ஃபை போட்ட பிறகு அதை எங்கள் லைனில் சேர்க்க சிவா எத்தனை தடவை முயன்றார். பெயர் தெரியும், பாஸ்வேர்டு கேட்கும், கொடுத்ததும் சுற்றிச் சுற்றி வந்துவிட்டுத் துண்டித்துக்கொள்ளும். புதுசா ஓர் அடாப்டர் வாங்கிச் செருகினால் சரியாகிவிடும் என்று அவர் சொன்னபோது, "நக்கோ மாப்ள, விடுங்க. சங்கத்துல நெட் இருக்கு, அங்க வச்சுப் பாத்துக்கிடுதேன்" என்றீர்கள். வேண்டாம் என்பதற்கு, ஃபேக்டரியில் கூட வேலை பார்த்தவர்கள் உங்களுக்குப் பழக்கிவிட்ட நக்கோ. நாங்கள் சிரித்தோம்.

சனிக்கிழமைதோறும் அந்தக் கனத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு குஷாய்குடாவில் இருக்கும் ஓய்வுபெற்றோர் சங்கத்துக்குக் கிளம்புவீர்கள். நான் எலுமிச்சைச் சாதமோ புளிசாதமோ கட்டிக்கொடுப்பேன். சங்கத்தில் எல்லாரும் பங்குபோட்டுச் சாப்பிடுவோம், கொஞ்சம் கூடவே வை என்பீர்கள். கூடவே வைத்தேன்.

நீங்கள் போன பிறகு சங்கரி சிவாவுக்குத்தான் போன் செய்தாள். அப்பாவின் போட்டோ ஒன்று வேண்டும், சட்டம் போட, லேப்டாப்பில் இருக்கும், மெயிலில் அனுப்ப முடியுமா என்று கேட்டாளாம். சாவு வீட்டில் அவள் சுவரோரமாக நின்றுவிட்டுப் போனதோடு சரி. நாங்கள் இருவரும் பேசவே இல்லை. என்னிடம் கேட்காமல் அவரிடம் கேட்கிறாளே என்று வருத்தமாகத்தான் இருந்தது.

மெயில் அனுப்ப உட்கார்ந்தேன். லேப்டாப் வழக்கம்போல வை-ஃபையில் சேரவில்லை. கம்ப்யூட்டர் கடைக்காரரிடம் போனில் கேட்டேன். அந்தக் காலத்து மெஷின் மேடம், உங்க ரவுட்டரில் இருக்கிற புது செக்யூரிட்டிப் பூட்டு அதற்குப் புரியாது, ரவுட்டரைப் பழைய பூட்டுக்கு மாற்றினால்தான் உள்ளே விடும் என்றார். படத்தைப் பென் டிரைவில் எடுத்து அனுப்பியிருக்கலாம். ஆனால் எனக்கும் ஒரு சாக்கு வேண்டியிருந்தது. உங்களுக்குக் கொடுத்த வாக்கை நீங்கள் இருக்கும்வரை காப்பாற்றியாயிற்று, இனி என் தங்கையைப் பார்க்கலாம் என்று தோன்றியது. லேப்டாப்பைத் தோளில் மாட்டிக்கொண்டு குகட்பள்ளிக்குப் போனேன்.

ஹவுசிங் போர்டு காலனியில் இரண்டாவது மாடி. சங்கரிதான் கதவைத் திறந்தாள். வா என்றாள், அக்கா என்று சொல்லவில்லை. கிரண் எழுந்து நின்று கும்பிட்டார். பாரு சோபாவுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டாள். லேப்டாப்பைச் சாப்பாட்டு மேஜையில் வைத்து ஆன் செய்தேன். அது விழிப்பதற்குள் காபி போட்டுவிடலாம் என்று சங்கரி அடுக்களைக்குப் போனாள்.

டம்ளர் கைக்கு வந்தபோது திரையின் மூலையில் ஒரு சின்னச் செய்தி எழும்பி வந்தது. வை-ஃபையில் சேர்ந்துவிட்டதாம். லைனின் பெயர் பார்வதி. நான் எதையும் தொடவில்லை, அப்பா. பாஸ்வேர்டு கேட்கவில்லை. நம் வீட்டில் எத்தனையோ நாள் கெஞ்சியும் உள்ளே போகாத மெஷின், இங்கே வந்து மூடியைத் திறந்ததும் தானாகச் சேர்ந்துகொண்டது.

முதலில் எனக்கு உறைக்கவில்லை. இங்கே மட்டும் எப்படிச் சட்டென்று சேர்ந்தது என்று சாதாரணமாகத்தான் கேட்டேன். சங்கரி கிரணைப் பார்த்தாள். கிரண் தரையைப் பார்த்தார். ஒரு தடவை சேர்ந்த இடத்தைத்தான் லேப்டாப் ஞாபகம் வைத்திருக்கும் என்பது என் புத்திக்கு எட்டியபோது, பாரு சோபாவுக்குப் பின்னாலிருந்து வந்து ஒரு நாற்காலியை என் பக்கம் தள்ளினாள். "இக்கட கூர்ச்சோ. இதி தாத்தா குர்ச்சி" என்றாள். தாத்தா உட்காரும் நாற்காலியாம், அதில் உட்காரச் சொன்னாள்.

உட்கார்ந்தேன்.

பாரு தவழ ஆரம்பித்த நாளிலிருந்து நீங்கள் போய்க்கொண்டிருந்தீர்களாம். சனிக்கிழமை காலை போய் மத்தியானச் சாப்பாடு முடித்து, குழந்தையோடு தூங்கி எழுந்து, நாலு மணிக்குக் கிளம்புவீர்களாம். லேப்டாப்பில் அவளுக்கு யானை, ரயில் எல்லாம் காட்டுவீர்களாம். உங்கள் மெஷின் சேரவில்லை என்று கிரண்தான் தன் ரவுட்டரைப் பழைய பூட்டுக்கு மாற்றிக் கொடுத்திருக்கிறார். யாருடைய முகத்தில் விழிக்கக் கூடாது என்று என்னைக் கட்டிப்போட்டீர்களோ, அவர் உங்களுக்காகத் தன் வீட்டுப் பூட்டையே மாற்றியிருக்கிறார். சங்கத்துக்கு நீங்கள் போனதே இல்லையா? இல்லை, ஒன்றிரண்டு தடவையாவது போனீர்களா?

இதோடு நின்றிருந்தால் நான் தாங்கியிருப்பேன். வீம்பு பிடித்த மனுஷன், பேத்தியைப் பார்த்ததும் இளகிவிட்டார், என்னிடம் சொல்ல வெட்கம் என்று நானே உங்களுக்காக வாதாடியிருப்பேன். சங்கரியிடம், "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா?" என்று மட்டும் கேட்டேன்.

"அப்பாதான் வேண்டாம்னாங்க. உனக்கு எம்மேல கோவம் தீரலையாம். இங்க வர்றது தெரிஞ்சா நீ வீட்டைவிட்டுப் போகச் சொல்லிருவியாம். வயசான காலத்துல நான் எங்கட்டி போவேன்னு கேட்டாங்க. எங்கிட்ட சத்தியம் வாங்கிக்கிட்டாங்க."

"எனக்கு என்ன கோவம்?"

"அதை நீதான் சொல்லணும். தீபாவளிக்குப் புள்ளையத் தூக்கிட்டு வந்தேன். நீதான கதவைச் சாத்தின?"

அந்தத் தீபாவளி உங்களுக்கு நினைவிருக்கிறதா, அப்பா? மணி அடித்தது, கதவுக் கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டு ஓடி வந்து உங்களிடம்தான் சொன்னேன். பேப்பரை இறக்காமலேயே, நீயே பாத்து அனுப்பிரு என்றீர்கள். எழுந்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டீர்கள். நான் வாசல் கதவைப் பாதி திறந்து, இப்ப வேண்டாம், போயிரு என்றேன். பாரு பட்டுப்பாவாடை கட்டியிருந்தாள். அப்பா இருக்காங்களா என்று சங்கரி கேட்டாள், நான் கதவைச் சாத்திவிட்டேன். உங்களைப் பார்க்கத்தான் வந்திருக்கிறாள் என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். உங்களைத்தான் வாராவாரம் பார்க்கிறாளே! அன்று அவள் வந்தது என்னைப் பார்க்க. என்னைச் சமாதானப்படுத்த. துணைக்கு நீங்கள் இருப்பீர்கள் என்ற தைரியத்தில்.

அடுத்த சனிக்கிழமை அவளிடம் என்ன சொன்னீர்கள் தெரியுமா? நான் அன்று வீட்டிலேயே இல்லை, நண்பர் வீட்டுக்குப் போயிருந்தேன், திரும்பி வந்த பிறகுதான் தெரியும் என்று சொல்லியிருக்கிறீர்கள். அக்கா இப்படிச் செய்வாள் என்று நான் நினைக்கவே இல்லை என்றும் சொல்லியிருக்கிறீர்கள்.

அப்பா உள்ளேதான் இருந்தாங்க, அவங்க சொல்லித்தான் செஞ்சேன் என்றேன். சங்கரி என்னைப் பார்த்த பார்வையை எழுதத் தெரியவில்லை. "செத்துப்போனவங்க மேல பழி போடாத" என்றாள். அவளுக்கு நீங்கள் தோளில் பை மாட்டிக்கொண்டு வரும் நல்ல அப்பா. எனக்கு நீங்கள் சொல் தவறாத கண்டிப்பான அப்பா. என்னை அவள் நம்ப வேண்டுமென்றால் அவளுடைய அப்பாவை நான் உடைக்க வேண்டும். இந்த இடத்தில் என்னைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டுத்தானே போனீர்கள்?

பையை எடுத்துக்கொண்டு கிளம்ப எழுந்தேன். அப்போது கிரண்தான் வாயைத் திறந்தார். அவருக்குத் தமிழ் அரைகுறை. "வதினா, போகாதீங்க" என்றார். அவர்கள் முறையில் மனைவியின் அக்காவும் அண்ணிதான். அப்படி அவர் என்னைக் கூப்பிட அன்றுதான் வாய்த்தது. பிறகு மனைவியிடம் திரும்பி, "அன்னிக்கி நான் கீழே பைக் மேலே உக்காந்திருந்தேன். மாமய்யா ஜன்னல்ல நின்னு பாப்பாவையே பாத்தாரு. என்னைப் பாத்ததும் திரையை இழுத்துட்டாரு" என்றார்.

ஏன் இதை இத்தனை நாள் சொல்லவில்லை என்று சங்கரி அவரிடம் கேட்டாள். உனக்கு உன் வீட்டிலிருந்து வரும் ஒரே ஆள் அவர், அவரையும் நீ இழக்கக் கூடாது என்று நினைத்தேன் என்று தெலுங்கில் சொன்னார். சங்கரி தரையில் உட்கார்ந்தாள். ஒரு மாதத்துக்குள் இரண்டு தடவை அப்பாவைப் பறிகொடுத்தவள் போல இருந்தாள். பாரு அவள் மடியில் ஏறப் பார்த்தாள், அது கூட அவளுக்குத் தெரியவில்லை.

பிறகு என்னைப் பார்த்து, "அப்பா கொண்டுவர்ற அந்தச் சாதம் நீ செஞ்சதுன்னு எனக்குத் தெரியும்க்கா. கடையில வாங்கினேன்னு சொல்லுவாங்க. அம்மா தாளிக்கிற மாதிரி கடையில எவன் தாளிப்பான்? தெரிஞ்சே ஒண்ணும் கேக்காமச் சாப்பிட்டேன்" என்றாள்.

அப்போதுதான் நாங்கள் இருவரும் அழுதோம். கட்டிக்கொண்டெல்லாம் அழவில்லை. அவள் அங்கே, நான் இங்கே.

ஏன் அப்பா? சொன்ன சொல்லை மாற்றிக்கொண்டேன் என்று என்னிடம் சொல்ல அவ்வளவு கஷ்டமா? நான் சிரித்திருப்பேனா? என் வீட்டில் இருக்கிறோமே என்று பயந்தீர்களா? வாருங்கள், நானும் வருகிறேன் என்று உங்களுக்கு முன்னால் செருப்பை மாட்டியிருப்பேனே. அவளுக்கு நல்லவராக இருக்க என்னைக் கெட்டவளாக்கினீர்கள். எனக்குப் பெரியவராக இருக்க அவளைத் தீண்டத்தகாதவளாக்கினீர்கள். இரண்டு பிள்ளைகளில் ஒருத்தியிடமாவது உண்மையாக இருந்தீர்களா?

இப்போதைய நிலவரம் இதுதான். சங்கரி போன ஞாயிற்றுக்கிழமை இங்கே வந்தாள், கிரணும் பாருவும் கூட. உங்கள் அறைக்குள் போக மாட்டேன் என்றுவிட்டாள். பழைய மாதிரி எங்களுக்குப் பேச வரவில்லை. ஒரு விஷயத்தை எடுத்தால் அது எந்த வருஷம் என்று நினைத்து இருவரும் நிறுத்திக்கொள்கிறோம். பாரு என்னிடம் தமிழில் ஒரு வார்த்தை பேசுவதில்லை. நான் தமிழில் கேட்கிறேன், அவள் தெலுங்கில் சொல்கிறாள். சாப்பிடும்போது மட்டும் என் பக்கத்தில்தான் உட்கார வேண்டும் என்று அடம்பிடித்தாள். சிவா உங்களைப் பற்றி இன்னும் ஒரு வார்த்தை பேசவில்லை.

உங்களை மன்னித்துவிட்டேன் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். வரவில்லை. வராததை எழுதினால் அதுவும் நீங்கள் செய்த மாதிரியே ஆகிவிடும். ஆனால் ஒரு வாக்குத் தருகிறேன். உங்கள் திதியை நாங்கள் இருவரும் சேர்ந்துதான் கொடுப்போம், சங்கரி கோபம் தீராமல் வந்தாலும் சரி. தான் சின்னவளாக இருந்தபோது பெரியம்மா ஏன் வரவே இல்லை என்று பாரு ஒரு நாள் கேட்பாள். அன்று உங்களையும் காப்பாற்ற மாட்டேன், என்னையும் காப்பாற்ற மாட்டேன். நடந்ததை நடந்தபடி சொல்வேன். உங்கள் மகள் என்று பல வருஷம் கையெழுத்துப் போட்டாயிற்று. இப்போதைக்கு,

சங்கரியின் அக்கா,
கோமதி