பொருளடக்கத்தில் விடுபட்ட மூன்றாம் படி

வளம் குன்றாக் கடலும் வழுவாத செங்கோலும் உடைய வெண்கரை நாட்டு மன்னர் பெருஞ்சேந்தரின் திருமந்திர ஓலைநாயகம் ஆதன் பூதனார், நெய்தற்குடாக் காவலர் கொற்றன் எயினனார்க்கு விடுக்கும் ஓலை. தங்கள் துறைகளில் கலங்கள் நிறைக. தங்கள் மனையில் எல்லாரும் நலமே இருக்க.

கடற்போர்ச் சுவடி முற்றுப்பெற்றபோது அதன் பொருளடக்கம் காண்டம், படலம், போரில் பட்டார் பெயர் என மூன்று படிகளாக ஒன்பது ஏடுகளுக்கு நீண்டது. அழகாக ஓரேட்டில் அடங்கட்டும் என்று, இரண்டு படியோடு நிறுத்த இவ்வோலை விடுக்கும் ஓலைநாயகமே பணித்தார். பெயர்கள் வேண்டாவோ என்று எழுதுவோர் தயங்கிக் கேட்டதற்கு, வேண்டுவோர் உள்ளே புரட்டிப் பார்த்துக்கொள்வர் என்று விடையளித்தார். சுவடி தலைநகரிலேயே இருக்கும், ஊர்களுக்குப் பொருளடக்கம் மட்டுமே செல்லும் என்பது அந்த மேதைக்கு அப்போது நினைவில் வரவில்லை.

பட்டவர் பெயர் ஊரவையில் வாசிக்கப்படும்வரை அவர் இறந்தார் என்று சொல்லலாகாது, வாசிக்கப்படாதவர் உயிரோடு உள்ளார் என்பது நம் நாட்டு வழக்கம். தங்கள் ஊரில் வாழும் ஓலைநாயகத்தின் மகள் தேமொழி, பெயரில்லாத அந்த ஓரேட்டின் வாசிப்பு முடிந்த மறுநாளே தந்தைக்கு ஓலை விடுத்தாள். தன் கணவர் கடலனின் பெயர் வரவில்லை என்றும், அவர் வந்ததும் உடுக்க வேட்டி வெளுத்து வைத்திருப்பதாகவும், அப்பா இத்தனை நாள் வாய் திறவாதிருந்தது இந்த நற்செய்திக்காகத்தான் என்று இப்போது விளங்கியதாகவும் எழுதியிருந்தாள். அதைப் படித்த பின்னரே ஓலைநாயகம் சுவடியின் உள்ளே புரட்டினார். இரண்டாம் காண்டம், மூன்றாம் படலம், ஏழாம் பெயர். அன்று அவர் உண்ணவில்லை.

மகளுக்கு மட்டும் தனியே சொல்லியனுப்பலாம் என்று மனம் கெஞ்சியது. ஆயினும் அப்படலத்தில் இருநூற்றுப் பன்னிரண்டு பெயர்கள் உள்ளன. அத்தனை வீடுகளிலும் யாரோ காத்திருக்கிறார்கள். தம் வீட்டுக்கு ஒரு நியாயம், ஊருக்கு ஒரு நியாயம் என்று அவரால் இருக்க முடியவில்லை.

ஆகவே ஆணையாவது: மூன்று படியும் கொண்ட ஒன்பது ஏடுகள் இத்துடன் வருகின்றன. வரும் முழுநிலா நாள் காலையில் கரையூர்கள் அனைத்திலும் அவை வாசிக்கப்படுக. வாசிப்போர் விரைய வேண்டா. இரண்டாம் காண்டத்து மூன்றாம் படலம் தொடங்குமுன் தங்கள் மனைவியார் சென்று தேமொழியின் அருகில் அமர்ந்துகொள்வாராக. பெயர்களை வெட்டியது யார் என்று அவள் வினவினால், அவள் தந்தை என்று ஒளிக்காமல் கூறுக.

ஏழாம் பெயரை எழுதுவோர் கையில் விடாமல் ஓலைநாயகமே எழுதினார். எழுத்து கோணியிருக்கும், வாசிப்போர் தடுமாறாமல் அதனைக் கடலன் என்றே வாசிக்க.

சங்கு முத்திரை இட்டோம். இவ்வாணை வழுவாது நிற்க.